சீனி கரைவதற்கும் ஒரு கணக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓடுகிற திரவத்தில் திடத்துகள்கள் எப்படிக் கரைகின்றன என்பதைக் கணினியில் மாடல் செய்வது என் பிழைப்பு. இருப்பது பாளையங்கோட்டையில். வேலையைச் சொன்னதும் கேட்பவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும், அப்புறம் கேள்வி வரும். டீக்கடை பெஞ்சிலும் கல்யாணப் பந்தியிலும் மாணவர்களின் வாட்ஸ்அப்பிலும் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதி வைத்திருக்கிறேன். முதல் சில கேள்விகள் யாருக்கும் புரியும். போகப் போக, இதே வேலையில் இறங்கியிருக்கும் பிள்ளைகளுக்கானவை வரும்.

1. "ஏ மாப்ளே, கம்ப்யூட்டர்ல சீனி கரைக்கியாமே? அதுக்குச் சம்பளம் வேற தாரானா?"

வண்ணாரப்பேட்டை டீக்கடையில் ஒரு மாமா கேட்டது. சீனி ஓர் உதாரணம்தான் மாமா. மாத்திரை வயிற்றுக்குள் கரைய வேண்டும், உரம் வயல் தண்ணீரில் கரைய வேண்டும், கலங்கல் தண்ணீரில் படிகாரம் கரைய வேண்டும். அலுமினியம் உருக்கும் ஆலையில் சுமார் 960 டிகிரி சூட்டில் உருகிக் கிடக்கும் குழம்பில் அலுமினாத் தூளைக் கொட்டுவார்கள். அது கரையாமல் அடியில் தங்கினால் நஷ்டம். அந்தச் சூட்டில் எட்டிப் பார்க்கவும் முடியாது, கரண்டி விடவும் முடியாது.

கண்ணால் பார்க்க முடியாத இடத்தில் என்ன நடக்கிறது, எவ்வளவு நேரத்தில் கரையும், எங்கே கரையாமல் நிற்கும் என்று முன்கூட்டியே சொல்வதற்குத்தான் சம்பளம்.

2. "கரையுறதும் உருகுறதும் ஒண்ணுதானே சார்?"

இல்லை. ஐஸ் உருகுவதற்குச் சூடு மட்டும் போதும், பக்கத்தில் வேறு பொருள் வேண்டாம். சீனி கரைவதற்குத் தண்ணீர் வேண்டும். மூலக்கூறுகள் படிகத்தை விட்டுக் கழன்று தண்ணீருக்குள் போகின்றன. அடுப்பில் வெறும் சீனியைப் போட்டால் ஆவது வேறு. இரண்டின் கணக்குகளும் வடிவில் உடன்பிறப்பு மாதிரி இருக்கும் என்பது உண்மை, அதனால்தான் குழப்பம்.

3. "அப்போ கரையுற வேகத்தைத் தீர்மானிக்கிறது எது? சீனியா, தண்ணியா?"

இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஒரு மெல்லிய படலம். இந்தப் பக்கத்தில் இது ஒன்று பிடிபட்டால் போதும், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

வீட்டில் செய்து பாருங்கள். ஒரு பெரிய பனங்கற்கண்டை நூலில் கட்டி, கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் பாதி ஆழத்தில் தொங்க விடுங்கள். தம்ளரை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே வைத்துக் குனிந்து பார்த்தால், கல்லின் அடியிலிருந்து கண்ணாடி நூல் மாதிரி சில கோடுகள் நெளிந்து நெளிந்து கீழே இறங்கும். அது சீனிக் கரைசல். கல்லை ஒட்டியிருக்கும் தண்ணீர் சீக்கிரமே தெவிட்டிவிடுகிறது, அதாவது இதற்கு மேல் சீனியை ஏற்காது என்ற நிலைக்கு வந்துவிடுகிறது. கனமாகி வழிகிறது. தெவிட்டிய அந்தத் தோலைத் தாண்டி வெளியே போனால்தான் அடுத்த மூலக்கூறு கழல முடியும். கூட்ட நாளில் பஸ் வாசலில் நிற்கிறவர் இறங்கினால்தானே உள்ளே இருப்பவர் நகர முடியும்!

1897-இல் அமெரிக்காவில் நோயஸ், விட்னி என்ற இருவர் பென்சாயிக் அமிலத்தையும் லெட் குளோரைடையும் தண்ணீரில் கரைத்து அளந்து, கரையும் வேகம் ஒரு வித்தியாசத்தைப் பொறுத்தது என்றார்கள். தெவிட்டிய செறிவிலிருந்து தண்ணீரின் இப்போதைய செறிவைக் கழித்தால் வருவதுதான் அந்த வித்தியாசம். 1904-இல் நெர்ன்ஸ்டும் புருன்னரும் அந்தப் படலத்தின் தடிமனைக் கணக்குக்குள் கொண்டுவந்தார்கள். படலம் மெலிந்தால் வேகம் கூடும். இன்றைக்குச் சூப்பர் கம்ப்யூட்டரில் ஓடுகிற மாடலின் அடிவயிற்றிலும் இந்த இரண்டு வாக்கியங்கள்தான் இருக்கின்றன.

4. "கலக்குனா ஏன் சட்டுன்னு கரையுது? கரண்டி சீனிய என்ன பண்ணுது?"

கரண்டி சீனியைப் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. தண்ணீரை ஓட வைக்கிறது. ஓடுகிற தண்ணீர் படலத்தை உரசி மெலிய வைக்கிறது.

எவ்வளவு மெலியும்? 1 மி.மீ. விட்டமுள்ள சீனி மணி ஒன்றை எடுத்துக்கொள்வோம். தண்ணீர் துளியும் அசையவில்லை என்றால் படலம் சுமாராக மணியின் ஆரம் அளவு, அதாவது அரை மி.மீ. கணக்குப்படி அது முழுக்கக் கரைய ஏறக்குறைய 7 நிமிடம். அதே மணியைத் தண்ணீர் விநாடிக்கு 10 செ.மீ. வேகத்தில் உரசிக்கொண்டே போனால் படலம் 13 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.-இல் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுக்கு இளைத்துவிடும். தலைமுடியின் தடிமனில் ஐந்தில் ஒரு பங்கு. கரையும் நேரம் கால் நிமிடம்.

இந்தக் கணக்குக்கு நாங்கள் பயன்படுத்துவது ரான்ஸ், மார்ஷல் இருவரும் 1952-இல் தந்த சூத்திரம். ஷெர்வுட் எண் என்பது மணியின் விட்டம் படலத்தின் தடிமனைப் போல எத்தனை மடங்கு என்பது. அசையாத நீரில் அது 2. ஓட்டம் இருந்தால் அந்த 2-உடன் இன்னொன்றைக் கூட்ட வேண்டும்: 0.6, ரெய்னால்ட்ஸ் எண்ணின் வர்க்கமூலம், ஷ்மிட் எண்ணின் கனமூலம், இம்மூன்றின் பெருக்கல். ஓட்டத்தின் வேகம் திரவத்தின் பிசுபிசுப்பை எவ்வளவு மிஞ்சுகிறது என்று சொல்வது ரெய்னால்ட்ஸ் எண். அந்தப் பிசுபிசுப்போடு ஒப்பிட்டால் கரைந்த பொருள் எவ்வளவு மந்தமாக விரவுகிறது என்று சொல்வது ஷ்மிட் எண். மேலே சொன்ன மணிக்கு ரெய்னால்ட்ஸ் எண் 100, ஷ்மிட் எண் சுமார் 1900. போட்டுப் பாருங்கள், 76-க்குப் பக்கத்தில் வரும்.

5. "சூடான தண்ணின்னா வேகமாக் கரையும், சரி. உப்புக்கும் அதே கதைதானா?"

சீனிக்குச் சூடு இரண்டு வழியில் உதவுகிறது. 100 கிராம் தண்ணீர் 25 டிகிரியில் சுமார் 200 கிராம் சீனியை ஏற்கும், 80 டிகிரியில் 360 கிராம். கூடவே தண்ணீர் இளகிவிடுவதால், மூலக்கூறுகள் விரவும் வேகமும் மூன்று மடங்காகிறது. உப்புக்கு முதல் உதவி கிடையாது. 25 டிகிரியில் 36 கிராம், 80 டிகிரியில் 38. இரண்டாவது உதவி உண்டு. ஆகவே சுடுதண்ணீரில் உப்பும் சீக்கிரம் கரையும், ஆனால் கூடுதலாகக் கரையாது.

மாடலில் வெப்பநிலையை மாற்றும்போது கரைதிறனை மட்டும் மாற்றிவிட்டு விரவல் கெழுவை (விரவும் வேகத்தைச் சொல்லும் எண்) பழையபடியே விட்டுவைக்கிற மாணவர்கள் நிறைய. உப்புக்கு அப்படிச் செய்தால், சுடுதண்ணீரால் ஒரு பயனும் இல்லை என்று மாடல் சொல்லும். ரசம் வைத்த யாரும் அதை நம்ப மாட்டார்கள்.

6. "பொடிச்சுப் போட்டா சீக்கிரம் கரையும்னு எங்க ஆச்சிக்கே தெரியும். உங்க கணக்கு புதுசா என்னத்தச் சொல்லுது?"

எவ்வளவு சீக்கிரம் என்று சொல்லும். அசையாத நீரில் கரையும் நேரம் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மணியைப் பாதியாக்கினால் நேரம் கால்வாசி. 1 மி.மீ. மணிக்கு 7 நிமிடம் என்றால் 0.1 மி.மீ. பொடிக்கு 4 விநாடி.

இதில் ஆச்சி சொல்லாத ஒன்றும் உண்டு. கடைச் சீனியில் எல்லா மணியும் ஒரே அளவில் இருக்காது. தூள் முதல் சில விநாடிகளிலேயே போய்விடும், பெரிய மணி கடைசி வரை இழுக்கும். "99 சதவீதம் கரைய எவ்வளவு நேரம்" என்று ஆலைக்காரர் கேட்டால், அதற்கான பதில் சராசரி மணியிடம் இல்லை, சாக்கிலேயே பெரிதாக இருக்கும் மணிகளிடம் இருக்கிறது. சராசரி விட்டத்தை வைத்து மாடல் ஓட்டினால் நேரம் எப்போதும் குறைவாகவே வரும். சல்லடைக் கணக்கை வாங்காமல் நான் வேலையைத் தொடுவதில்லை.

7. "கலக்கிட்டு நிறுத்துனா மிச்சச் சீனி தம்ளர் நடுவுல குவியுதே, ஓரத்துக்குல்லா போகணும்?"

நல்ல கண். சுழலும் தண்ணீர் ஓரத்தில் அழுத்தம் கூடியும் நடுவில் குறைந்தும் இருக்கும். அடித்தட்டை ஒட்டிய தண்ணீர் உராய்வால் மெதுவாகச் சுழல்வதால் அந்த அழுத்தத்தைத் தாங்க முடியாமல் நடுவை நோக்கி ஓடுகிறது, மணிகளையும் இழுத்துப் போகிறது. தேயிலைத் தூளை வைத்து ஐன்ஸ்டீன் 1926-இல் விளக்கிய விஷயம் இது. மாடல் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க நான் முதலில் போடும் சோதனையும் இதுதான். மணிகள் ஓரத்தில் குவிந்தால் எங்கோ தப்பு.

8. "கம்ப்யூட்டருக்குள்ள உண்மையில என்ன நடக்குது? படம் வரையுதா?"

படம் கடைசியில் வருவது. முதலில் பாத்திரத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டுகிறோம். ஒவ்வொரு கட்டத்திலும் தண்ணீரின் வேகம், அழுத்தம், சீனிச் செறிவு ஆகியவற்றுக்கு ஓர் எண். தண்ணீர் எப்படி ஓடும் என்பதை நேவியர்–ஸ்டோக்ஸ் சமன்பாடுகளும், செறிவு எப்படி அடித்துச் செல்லப்பட்டு விரவும் என்பதை இன்னொரு சமன்பாடும் சொல்கின்றன. ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவான நேரத்துக்கு ஒரு தடவை எல்லா எண்களையும் புதுப்பிக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் துகள் கொஞ்சம் நகர்கிறது, கொஞ்சம் இளைக்கிறது, இளைத்த எடை அந்தக் கட்டத்தின் தண்ணீருக்குப் போகிறது.

மளிகைக் கடைப் பேரேடு மாதிரிதான். வரவு, செலவு, இருப்பு. பக்கங்கள்தான் கோடிக்கணக்கில்.

9. "அப்போ கட்டத்தை ரொம்பப் பொடிசா வெட்டிட்டா எல்லாம் துல்லியமா வந்திருமே சார்?"

வரும். நாம் இருக்க மாட்டோம். 4-வது கேள்வியில் வந்த படலம் 13 மைக்ரான். அதற்குள் ஐந்து கட்டமாவது விழ வேண்டும் என்றால் கட்டத்தின் பக்கம் 2.5 மைக்ரான். ஒரு லிட்டர் பாத்திரம் முழுவதையும் அப்படி வெட்டினால் 64 லட்சம் கோடி கட்டங்கள். ஒரு தேக்கரண்டிச் சீனியில் 1 மி.மீ. மணிகளே ஆறாயிரம் இருக்கும்.

திரவத்தில் இது ஒரு தனித் தொல்லை. காற்றில் ஷ்மிட் எண் 1-க்குப் பக்கத்தில் இருக்கும், ஓட்டத்தின் நுணுக்கமும் செறிவின் நுணுக்கமும் ஒரே அளவு. தண்ணீரில் சீனிக்கு அது 1900 என்பதால், செறிவு மாறும் படலம் ஓட்டம் மாறும் படலத்தைவிடப் பன்னிரண்டு மடங்கு மெல்லியது. ஓட்டத்துக்குப் போதுமான வலை (வெட்டிய கட்டங்கள் எல்லாம் சேர்ந்ததைத்தான் வலை என்போம்), கரைதலுக்குப் போதாது. காற்றில் எரியும் எண்ணெய்த் துளிக்கு எழுதிய புரோகிராமை எடுத்துச் சீனிக்கு அப்படியே போடுகிறவர்கள் இங்கேதான் விழுகிறார்கள்.

10. "பின்ன எப்படித்தான் செய்யுதீங்க?"

எதைக் கணக்குப் போடாமல் விடலாம் என்று முடிவெடுத்துத்தான். மூன்று பாதைகள் உண்டு.

முதல் பாதையில் ஒவ்வொரு மணியின் மேற்பரப்பையும் வலையில் காட்டி, படலத்தையே கணக்கிடுவோம். நம்பகமானது, ஆனால் சில நூறு மணிகளுக்கே பெரிய கணினி வேண்டும். இரண்டாவதில் மணி ஒரு புள்ளி. அது எங்கே போகிறது என்று தொடர்வோம், படலத்துக்குப் பதிலாக ரான்ஸ்–மார்ஷல் மாதிரி ஒரு சூத்திரம். லட்சக்கணக்கான மணிகளைத் தாங்கும். மணிகள் ஒன்றையொன்று இடித்துக்கொள்வதையும் சேர்க்க வேண்டும் என்றால், கண்டால், ஸ்டிராக் இருவரும் 1979-இல் மணல் போன்ற துகள்களுக்காக வகுத்த முறையை உடன் சேர்ப்பார்கள். மூன்றாவதில் தனி மணி என்ற பேச்சே இல்லை. துகள் கூட்டத்தையும் ஒரு திரவம் போலவே பாவித்து, இந்தக் கட்டத்தில் இத்தனை சதவீதம் திடம் என்று மட்டும் வைப்போம். ஆலைத் தொட்டிகளுக்குப் பெரும்பாலும் இதுதான் கட்டுப்படியாகும்.

எது நல்லது என்று கேட்டால் என் பதில், முதல் பாதையில் சிறிதாக ஒன்று ஓட்டி, அதில் கிடைத்த எண்ணை வைத்து இரண்டாவதன் சூத்திரத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள் என்பதுதான். நேராக மூன்றாவதுக்குப் போய் வண்ணப் படம் காட்டுகிறவர்களிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருப்பேன்.

11. "என் லேப்டாப்ல ஓடுமா? எந்த சாஃப்ட்வேர்?"

ஒற்றை மணிக் கணக்குக்குப் பைத்தானில் முப்பது வரி போதும், எந்த லேப்டாப்பிலும் ஓடும். தொட்டிக்கு ஓப்பன்ஃபோம் இலவசம். 2004 முதல் எல்லோருக்கும் திறந்து கிடக்கிறது. ஆனால் முதல் ஒரு மாதம் அது உங்களை அழ வைக்கும். முப்பது வரியை முதலில் எழுதுங்கள்.

12. "மணி சின்னதாகிக் கடைசியில மறையுற நேரம் என் புரோகிராம் வெடிச்சிருது சார். விட்டம் மைனஸ்ல போகுது."

எல்லோருக்கும் நடப்பது. மணி சிறிதாகச் சிறிதாக விட்டம் குறையும் வேகம் ஏறிக்கொண்டே போகும், பூஜ்யத்தை நெருங்கும்போது முடிவிலிக்குப் போகும். நேர இடைவெளியை எவ்வளவு குறைத்தாலும் கடைசி அடி தாண்டித்தான் விழும்.

விட்டத்தைத் தொடராதீர்கள், விட்டத்தின் வர்க்கத்தைத் தொடருங்கள். 6-வது கேள்வியில் சொன்னபடி அது சீராக, நேர்கோட்டில் குறையும். பூஜ்யத்துக்குக் கீழே போனால் அந்த அடியில் மிச்சமிருந்த எடையை மட்டும் தண்ணீரில் சேர்த்துவிட்டுத் துகளை நீக்குங்கள். இரண்டு வரி மாற்றம்தான்.

13. "புத்தகத்துல ஹிக்சன்–குரோவெல்னு எடையோட கனமூலம் நேர்கோட்டுல குறையும்னு போட்டிருக்கு. நீங்க வர்க்கம்ங்கிறீங்க. யாரு சரி?"

இரண்டும் சரி, இடம் வேறு. 1931-இல் வந்த கனமூல விதி, மணி இளைத்தாலும் படலத்தின் தடிமன் மாறாது என்று எடுத்துக்கொள்கிறது. அப்போது விட்டம் நேர்கோட்டில் குறையும். வர்க்க விதியில் மணி இளைக்க இளைக்கப் படலமும் சேர்ந்து இளைக்கிறது. நன்றாகக் கலக்கும் தொட்டியில் பெரிய மணிகளுக்கு முதலாவது ஏறக்குறையப் பொருந்தும். நூறு மைக்ரானுக்குக் கீழே, மணி தண்ணீரோடு சேர்ந்தே மிதந்து போகும்போது, உரசல் குறைந்து ஷெர்வுட் எண் 2-ஐ நெருங்கும், இரண்டாவது விதிதான் செல்லும். ஒரே மணி தன் வாழ்நாளில் முதல் விதியில் தொடங்கி இரண்டாவதில் முடியும். அதனால் சூத்திரத்தில் அந்த 2-ஐ விட்டுவிடாதீர்கள். தேர்வில் எதை எழுதுவது என்று கேட்டால், உங்கள் வாத்தியார் புத்தகத்தில் இருப்பதை.

14. "படம் அட்டகாசமா வந்திருக்கு சார். ரிசல்ட் சரியாத்தானே இருக்கும்?"

என் கதையைச் சொல்கிறேன். என் முதல் தொட்டி மாடலைக் கல்லூரி ஒன்றில் காட்டினேன். நீலம் மெல்ல மெல்லச் சிவப்பாகும் வீடியோ, எல்லோரும் ரசித்தார்கள். பின் வரிசையில் இருந்த ஒரு மூத்தவர், "தம்பி, எவ்வளவு உப்பு போட்டிய?" என்றார். 100 கிராம் என்றேன். "இப்போ தண்ணியில எவ்வளவு இருக்கு?" அங்கேயே கூட்டிப் பார்த்தேன். 97. "மீதி மூணு கிராம் எங்கய்யா?"

அன்று ராத்திரி தேடிப் பிடித்தேன். சிறிய கட்டம் ஒன்றில் பல மணிகள் ஒரே நேரத்தில் எடையைக் கொட்டியதும் அங்கே செறிவு தெவிட்டும் அளவைத் தாண்டியிருக்கிறது. "தாண்டினால் தெவிட்டிய அளவுக்கே வைத்துவிடு" என்று நான்தான் ஒரு வரி எழுதி வைத்திருந்தேன். தாண்டிய உப்பு அந்த வரியில்தான் காணாமல் போயிருக்கிறது. இப்போது ஒவ்வொரு அடியிலும் திடம், கரைந்தது இரண்டையும் கூட்டி ஒரு கோப்பில் எழுத வைக்கிறேன். கூட்டுத்தொகை அசைந்தால் படத்தைத் திறப்பதே இல்லை.

அடுத்த சோதனை வலையைப் பாதியாக்கி மறுபடி ஓட்டுவது. விடை மாறினால் அது சீனியின் விடை இல்லை, வலையின் விடை. கடைசியாக ஒரு வாளியை வைத்து நிஜமாகவே கரைத்து அளக்க வேண்டும். உப்புக்குக் கடத்துத்திறன் மீட்டர், சீனிக்குப் பிரிக்ஸ் மீட்டர். இரண்டும் ஆய்வகத்துக்குக் கட்டுப்படியாகும் விலைதான்.

15. "நீங்க சொன்ன அந்த 7 நிமிஷத்தை நம்பலாமா?"

முழுசாக நம்ப வேண்டாம். அதில் மூன்று இடங்களில் எளிமைப்படுத்தியிருக்கிறேன். ஒன்று, தண்ணீர் அசையாமலே இருக்கும் என்றேன். 3-வது கேள்வியின் தம்ளரில் பார்த்தோமே, கனத்த கரைசல் தானே வழிந்து ஓர் ஓட்டத்தை உண்டாக்கும், அதனால் நேரம் குறையும். இரண்டு, விரவல் கெழு ஒரே எண் என்றேன். மணியை ஒட்டி இருப்பது வெறும் தண்ணீர் இல்லை, பாகு. 60 சதவீதச் சீனிப் பாகு 20 டிகிரியில் தண்ணீரைவிட அறுபது மடங்கு அளவுக்குப் பிசுபிசுப்பானது. அதற்குள் விரவல் மந்தமாகும், நேரம் கூடும். மூன்று, கரைந்து வெளியேறும் சீனியே படலத்தை வெளியே தள்ளுவதைக் கணக்கில் எடுக்கவில்லை. குறைவாகக் கரையும் பொருளுக்கு அது பரவாயில்லை, சீனி மாதிரி தாராளமாகக் கரைவதற்கு அது சின்ன விஷயம் இல்லை.

ஒன்று கூட்டும், ஒன்று குறைக்கும், விடை ஏறக்குறைய அதே பக்கத்தில் வந்து நிற்கலாம். அப்படி வந்து நிற்பதைப் பார்த்து மாடல் சரி என்று மார்தட்டுவதுதான் இந்தத் தொழிலின் பெரிய ஆபத்து.

16. "மோட்டார் வேகத்தைக் கூட்டிக்கிட்டே போனா கரையுற நேரமும் குறைஞ்சுக்கிட்டே போகுமா அண்ணாச்சி?"

ஓர் இடம் வரை. மணிகள் அடியில் குவிந்து கிடக்கும்போது மேல் வரிசை மட்டும்தான் தண்ணீரைப் பார்க்கிறது. வேகம் கூடி எல்லா மணியும் தரையை விட்டு எழும்பும் கட்டம் வந்ததும் கரைதல் சட்டென்று துள்ளும். அந்த வேகத்துக்கு ஸ்வீட்டரிங் என்பவர் 1958-இல் கொடுத்த சூத்திரத்தை இன்றும் ஆலைகளில் பயன்படுத்துகிறார்கள். அதற்கு மேல் கூட்டினால் பலன் கொஞ்சம், கரண்ட் பில் அதிகம். கலக்கியின் மின்சாரத் தேவை வேகத்தின் முப்படிக்கு ஏற்ப ஏறும் என்பதால், வேகத்தை இரட்டித்தால் செலவு எட்டு மடங்கு.

17. "மாத்திரை கம்பெனியில வேலை. எங்க டெஸ்ட்ல ஜாடி அடியில தூள் குமிஞ்சு நிக்குது. மருந்து சரியில்லையா, டெஸ்ட் சரியில்லையா?"

வட்ட அடி ஜாடி, 900 மி.லி. திரவம், 37 டிகிரி, துடுப்பு நிமிடத்துக்கு 50 சுற்று. உலகம் முழுக்கப் புழங்கும் சோதனை இது. துடுப்புக்கு நேர் கீழே ஜாடியின் அடியில் ஓட்டம் ஏறக்குறைய செத்துக் கிடக்கும் ஒரு பகுதி உண்டு. கணினி மாடல்கள் இதைத் தெளிவாகக் காட்டியிருக்கின்றன. 7-வது கேள்வியின் சுழற்சி தூளை நடுவுக்கு இழுத்து வரும், இந்தச் செத்த பகுதி அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கூம்பாகக் குவியும். மாத்திரை நடுவிலிருந்து ஒரு விரற்கடை தள்ளி விழுந்தாலே எண் மாறும். ஆக, குவியல் தெரிந்தால் மருந்தைக் குறை சொல்லும் முன் ஜாடியைச் சந்தேகியுங்கள்.

18. "இதெல்லாம் சீனிக்குச் சரி. கருப்பட்டிக்குச் செல்லுமா?"

உடன்குடிப் பக்கத்துச் சொந்தக்காரர் கேட்டது. செல்லாது, அதனால்தான் எனக்குக் கருப்பட்டி பிடிக்கும். பனங்கற்கண்டு ஒரே படிகம், மேலிருந்து உள்ளே சீராகக் கரையும். கருப்பட்டி என்பது சிரட்டையில் ஊற்றி இறுகிய பாகு. நுண்ணிய படிகங்கள், அவற்றைப் பிடித்து வைத்திருக்கும் பிசின் போன்ற பாகு, நடுவில் துளைகள். தண்ணீரில் போட்டால் படிகங்களுக்கு இடையில் இருக்கும் பாகுதான் முதலில் விட்டுப்போகும். பிடிப்பு இல்லாத படிகங்கள் பொலபொலவென்று உதிரும். மேற்பரப்பு திடீரென்று பல மடங்காகும்.

சுக்குக் காப்பிக்குப் போடும்போது கவனியுங்கள். ஒரு நிமிடம் ஒன்றும் நடக்காத மாதிரி கிடக்கும். அப்புறம் ஓரம் மங்கலாகும், கரண்டியால் தொட்டால் பாதி சரியும். சீனி மாடலால் இந்தச் சரிவைச் சொல்லவே முடியாது. துளைகளுக்குள் தண்ணீர் ஏறுவதற்கு ஒரு கணக்கு, உதிர்வதற்கு ஒரு கணக்கு, உதிர்ந்த பிறகு 6-வது கேள்வியின் கணக்கு என்று மூன்றையும் கோக்க வேண்டும். மாத்திரை உடைந்து கரைவதும் இதே கதைதான் என்பதால், கருப்பட்டியை மாடல் செய்வது வீண் வேலை இல்லை. அடியில் தங்கும் மண் எந்த மாடலிலும் கரையாது, வடிகட்டிக்கொள்ளுங்கள்.

19. "குறுக்குத்துறைல நின்னு ஒரு கல்லுப்ப ஆத்துல எறிஞ்சா எவ்வளவு தூரம் போய்க் கரையும்?"

ஆறுமுகநேரி உப்பளக்காரர் ஒருவரின் கேள்வி. கல் தூரம் போகாது. 5 மி.மீ. கல்லுப்பு தண்ணீரில் விநாடிக்கு 30, 40 செ.மீ. வேகத்தில் மூழ்கும். ஒரு மீட்டர் ஆழம், விநாடிக்கு அரை மீட்டர் ஓட்டம் என்றால் ஒன்றரை மீட்டருக்குள் தரையைத் தொட்டுவிடும். தரையை ஒட்டி ஓட்டம் 20 செ.மீ. என்று வைத்தால் அங்கேயே கிடந்து நாலு நிமிடத்தில் கரையும். அதற்குள் முதலில் கரைந்த உப்பு நூறு மீட்டர் தாண்டியிருக்கும்.

தெப்பக்குளத்தில் வெல்லம் போடுகிற நேர்ச்சையைப் பற்றி இதே வரிசையில் கேட்பார்கள். குளத்தில் தள்ளிக்கொண்டு போக ஓட்டம் இல்லை. தரையில் கிடக்கும் கட்டியைச் சுற்றிக் கனத்த கரைசல் போர்வை மாதிரி மூடிக்கொள்ளும், வழிந்தோடவும் பள்ளம் இல்லை. பாதி ஆழத்தில் நூலில் தொங்கினால் சீக்கிரம் கரைந்துவிடும், தரையில் விழுந்தால் இழுத்துக்கொண்டே போகும்.

20. "அல்வா ருசிக்குத் தாமிரபரணித் தண்ணிதான் காரணம்னு உங்க மாடல் சொல்லுமா?"

சொல்லாது. இந்த மாடலுக்குத் தண்ணீர் என்றால் அடர்த்தி, பிசுபிசுப்பு, விரவல் கெழு, கரைதிறன். குடிநீரில் கரைந்திருக்கும் உப்புகளுக்கு விரும்பத்தக்க வரம்பே லிட்டருக்கு 500 மில்லிகிராம்தான், தெவிட்டிய சீனிக் கரைசலில் லிட்டருக்கு 890 கிராம் சீனி இருக்கிறது. அந்தத் துளி உப்பால் சீனி கரையும் நேரம் மாறாது. கோதுமைப் பாலில் அது என்ன செய்கிறது என்பது வேறு படிப்பு. என்னை ஊரை விட்டு விரட்டுவதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். நானும் வேறு ஊர் அல்வாவை வாங்குவதில்லை.

21. "சரி, இவ்வளவு படிச்சிருக்கியே, ஒரு டீக்கு எத்தனை ஆத்து ஆத்தணும்னு சொல்லு பாப்போம்?"

முதல் கேள்வி கேட்ட அதே மாமா. சொன்னால் சிரிப்பார்கள், இந்தப் பக்கத்திலேயே கஷ்டமான கணக்கு இதுதான். தொட்டியில் தண்ணீரின் மேற்பரப்பு ஏறக்குறைய இருந்த இடத்தில் இருக்கும். ஆற்றும்போது டீ கயிறாக நீள்கிறது, காற்றை இழுத்துக்கொண்டு விழுகிறது, நுரைக்கிறது, ஆறுகிறது, மணிகள் பாதி கிளாஸிலும் பாதி குவளையிலும் இருக்கின்றன. இவை எல்லாவற்றையும் சேர்த்து நான் இன்னும் ஓட்டவில்லை.

ஓட்டாமல் எண்ணிப் பார்த்தேன். அந்தக் கடையில் இரண்டாவது ஆற்றுக்குப் பிறகு கிளாஸை வாங்கி அடியைப் பார்த்தால் ஏழெட்டு மணி இருந்தது. மூன்றாவதுக்குப் பிறகு ஒன்றும் இல்லை. நாலாவது எதற்கு என்று மாஸ்டரிடம் கேட்டேன். நுரைக்கு என்றார்.